உறுமல் நிற்க எர்த் பின்னை உடைக்காதீங்க

ஆடி மாத ஞாயிறு, குடியாத்தம் பக்கம் ஒரு அம்மன் கோயில். கூழ் ஊற்ற இன்னும் அரை மணி நேரம். கோயில் வாசலில் இரண்டு பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள்ளேயே இருப்பது), தெருக்கோடியில் இரண்டு. லேப்டாப்பில் பாட்டு, அதிலிருந்து சின்ன மிக்சர். பாட்டைப் போடுவதற்கு முன்பே நான்கிலும் 'ம்ம்ம்' என்று உறுமல்.

"இன்னாபா, உள்ள வண்டு பூந்த மாதிரி கீது?" என்றார் ஊர்ப் பெரியவர்.

என்னோடு வந்த பையன் கட்டிங் பிளேயரோடு கிளம்பினான். "எர்த் பின்ன எட்த்துட்டா நின்னுடும்ணா."

நின்றுவிடும்தான். இந்த மைக்செட் தொழிலில் அந்தப் பழக்கம் ஒழியாமல் இருப்பதற்குக் காரணமே அது பலிப்பதுதான்.

வாசல் ஸ்பீக்கருக்குக் கரண்ட் கோயில் மீட்டரிலிருந்து வருகிறது. தெருக்கோடி ஸ்பீக்கருக்கு அங்கே இருக்கும் ஒரு வீட்டு பிளக்கிலிருந்து. இரண்டுக்கும் தனித்தனி எர்த் குழி. நம் பக்கம் இரண்டு ஏரிக்கு நடுவே கால்வாய் வெட்டினால், மட்டம் உயர்ந்த ஏரியிலிருந்து தண்ணீர் தானாக இறங்கும் இல்லையா? இங்கே கால்வாய், ஆடியோ ஒயரின் வெளிப்பின்னல். இரண்டு எர்த்துக்கும் ஒரு வோல்ட்டுக்குக் குறைவாக வித்தியாசம் இருந்தாலும் அந்தப் பின்னல் வழியே கரண்ட் ஓடும். சாதாரண மோனோ ஜாக் ஒயரில் பாட்டு திரும்பி வரும் பாதையும் அந்தப் பின்னலே. அதனால் 50 ஹெர்ட்ஸ் கரண்டும் பாட்டோடு கலந்து ஸ்பீக்கரில் கேட்கிறது.

எர்த் பின்னை உடைத்தால் கால்வாய் அடைபடும். ஆனால் அந்த ஸ்பீக்கருக்குள் 230 வோல்ட் எங்காவது கசிந்தால், அது மண்ணுக்குப் போக மீதமிருக்கும் ஒரே வழி அந்த மெல்லிய ஆடியோ ஒயர். ஒயர் கருகலாம், மிக்சர் போகலாம். அந்த நேரம் யாராவது ஜாக்கைக் கழற்றினால் ஸ்பீக்கரின் முன்கம்பி வலை முழுக்க லைன். ஆடி வெள்ளி, ஈரத் துணியோடு தீச்சட்டி எடுத்து வருகிறவர்கள் அதில் சாய்ந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பையனை உட்காரவைத்து, முதலில் தெருக்கோடி ஸ்பீக்கரில் ஆடியோ ஒயரை மட்டும் உருவச் சொன்னேன். ஸ்பீக்கர் ஊமையானது, ஆக, ஸ்பீக்கர் நல்லாயிருக்கு. ஒயரை உருவியும் உறுமினால் அது உள்ளே ஃபில்டர் கெபாசிட்டர் கோளாறு, சர்வீசுக்குத்தான் போகணும். அடுத்து லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினோம். வாசல் ஸ்பீக்கர் இரண்டும் சுத்தமாகிவிட்டன. மூணு பின் சார்ஜர் பலவற்றில் எர்த் லேப்டாப் வரைக்கும் வந்துவிடும், அது இன்னொரு கால்வாய். வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்கிறவர்களுக்குப் பாதி நேரம் வியாதி இதுவே.

தெருக்கோடி மட்டும் அடங்கவில்லை. கோயில் பாயின்ட்டிலிருந்தே 2.5 ஸ்கொயர் மூணு கோர் ஒயரை (லைன், நியூட்ரல், எர்த் மூன்றும் உள்ளது) தெருவோரம் இழுத்து அங்கே கரண்ட் கொடுத்தோம். பெட்டியில் 1000 வாட்ஸ் என்று எழுதியிருந்தாலும் பாட்டுக்கு இழுக்கும் சராசரிக் கரண்ட் கொஞ்சம்தான், தாங்கும். ஒரே ஏரி ஆனதும் முக்கால்வாசி உறுமல் போனது. மீதிக்கு மோனோ ஜாக் ஒயரை எடுத்துவிட்டு மிக்சரின் மெயின் அவுட்டிலிருந்து எக்ஸ்எல்ஆர் ஒயர், அதாவது மூணு பின் ஆடியோ ஒயர். அதில் பாட்டு இரண்டு கம்பியில் நேரும் எதிருமாகப் போகும். இரண்டிலும் ஒரே மாதிரி ஏறிய உறுமலை ஸ்பீக்கர் கழித்துவிடும். இதைத்தான் பேலன்ஸ்டு என்பார்கள்.

மிக்சர் இல்லாமல் லேப்டாப்பிலிருந்து நேராக எடுப்பவர்கள் டிஐ பாக்ஸ் வாங்குங்கள், சாதாரண ஒயரில் வரும் பாட்டை இப்படி இரண்டு கம்பியாக மாற்றித் தரும் சின்னப் பெட்டி அது. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதாகப் பார்த்து வாங்கணும். அதிலுள்ள கிரவுண்டு லிஃப்ட் சுவிட்ச் ஆடியோ எர்த்தை மட்டும் துண்டிக்கும், கரண்ட் எர்த் அப்படியே இருக்கும். சில நூறு ரூபாய்க்கு வரும் குட்டி ஐசொலேட்டரும் (ஆடியோ ஒயரின் நடுவே போட்டு எர்த் தொடர்பைப் பிரிப்பது) வேலை செய்யும், ஆனால் தவில், உடுக்கையின் அடிச்சத்தம் மெலிந்துவிடும். எனக்குப் பிடிக்காது.

இடையில் ஒன்று. லேப்டாப்பின் ஸ்டீரியோ ஒயரை அப்படியே ஸ்டீரியோ ஜாக்காக ஸ்பீக்கரின் பேலன்ஸ்டு ஓட்டையில் குத்தினால், இடதிலிருந்து வலதைக் கழித்து, பாடகர் குரல் காணாமல் போய் வாத்தியம் மட்டும் ஒலிக்கும். "பாட்டுக்காரரு எங்கபா பூட்டாரு?" என்று என்னையே கேட்டிருக்கிறார்கள்.

அந்த வீட்டு பிளக்கை அப்புறம் பார்த்தோம். லைன் ஓட்டைக்கும் எர்த் ஓட்டைக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் வைத்தேன். எர்த் நல்லாயிருந்தால் பளிச்சென்று எரியணும், இது மினுக்மினுக்கென்று சிவந்தது. வேலூர் வெயிலில் காய்ந்த குழி. உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றி எத்தனை வருடமாச்சோ! எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை ஷெட்டில் என் ஒயர்களைக் கொட்டிப் பார்த்தேன். எர்த் பின் இல்லாதவை ஏழு. எல்லாம் ஒரு காலத்தில் நானே உடைத்தவை. பையன் ஒன்றும் சொல்லாமல் கடைக்குப் போய் ஏழு பிளக் டாப் வாங்கி வந்தான்.