டிபிஎஃப் விளக்கு எரிந்தால் பில்டரைத் திட்டாதீர்கள்

இந்த வாரமும் ஒரு டீசல் பிக்கப் ரெக்கவரி வண்டியில் ஏறி வந்து இறங்கியது. இழுவை இல்லை, டர்போவில் விசில் சத்தம். டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. விரலில் தொட்டு முகர்ந்தால் டீசல் வாடை. “டிபிஎஃப் பிரச்சினையா இருக்காது சார், அதை எப்பவோ எடுத்து வீசியாச்சு” என்றார் உரிமையாளர், கொஞ்சம் பெருமையாகவே. டிபிஎஃப் என்பது டீசல் புகையில் வரும் கரித் துகள்களைப் பிடித்து வைக்கும் பில்டர். அவர் சொன்னது உண்மைதான். பில்டரின் டப்பா மட்டும் ஒப்புக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த பீங்கான் தேன்கூட்டைக் கம்பியால் குத்தி நொறுக்கிக் கொட்டிவிட்டு, மறுபடி வெல்டிங் வைத்து மூடியிருக்கிறார்கள். வண்டியின் கம்ப்யூட்டரிலும் பில்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் அணைத்துவிட்டார்கள். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களில் ஒன்று ஒழுகுகிறது, அதை மட்டும் யாரும் தொடவில்லை. அன்றைக்குப் பில்டரை அடைத்ததும் அதுதான், இன்றைக்கு ஆயிலில் டீசலைக் கலந்து டர்போவின் பேரிங்கைத் தின்றதும் அதுதான்.

இந்த ஒரு வண்டிக்காக இதை எழுதவில்லை. நம்பர் பிளேட் மட்டும் மாறுகிறது, கதை மாறுவதே இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பில்டர் கரியை உண்டாக்குவதில்லை. இன்ஜின் அனுப்புகிற கரியைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். நல்ல நிலையில் இருக்கும் இன்ஜினில் கரி மெல்லத்தான் சேரும். சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை வண்டியே அதை எரித்துத் தீர்த்துக்கொள்ளும். ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் தெரியக்கூடத் தெரியாது. அந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்து, நேற்று எரித்தது இன்றைக்கே நிரம்புகிறது என்றால், முன்னால் யாரோ அளவுக்கு மேல் கரி அனுப்புகிறார்கள். அந்த ஆளைத் தேடாமல் பில்டரை மட்டும் மாற்றினால் புதுப் பில்டரும் அதே கதியைத்தான் அடையும். எய்தவன் இருக்க அம்பை நோவதில் நம் ஆட்களை மிஞ்ச ஆள் இல்லை.

சரி, எய்தவன் யார்? ஒழுகும் இன்ஜெக்டர் ஒன்று. புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வு பாதி திறந்தபடி சிக்கிக்கொள்வது இன்னொன்று. டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் ஒரு விரிசல் இருந்தாலும் போதும். டர்போ தள்ளும் காற்று வழியிலேயே வெளியேறிவிடும், காற்று குறைந்தால் டீசல் முழுதாக எரியாமல் கரியாகும். பாரம் ஏற்றி மேடு ஏறும்போது மட்டும் “புஸ்” என்று சத்தம் வருகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது அந்த ஹோஸைத்தான். டர்போவின் ஆயில் சீல் போயிருந்தால் ஆயிலே பில்டருக்குள் போகும். மாதக்கணக்கில் தட்டிக்கூடப் பார்க்காத ஏர் பில்டரும் இந்தப் பட்டியலில் உண்டு.

யாரும் சந்தேகப்படாத ஒருவர் இருக்கிறார்: இன்ஜினின் சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட். அது திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் இன்ஜின் சூடேறவே ஏறாது. “வண்டி கூலா ஓடுது” என்று உரிமையாளருக்குச் சந்தோஷம். ஆனால் கூலன்ட் போதிய சூட்டுக்கு வராவிட்டால் கரியை எரிக்கும் வேலையையே கம்ப்யூட்டர் தொடங்காது. சின்னஞ்சிறு பாகம் அது. அதை மாற்றாமல் பில்டரை மாற்றிவிட்டு, ஏன் மறுபடி விளக்கு எரிகிறது என்று விழிக்கிற வொர்க்‌ஷாப்புகள் இருக்கின்றன. எங்கள் தொழிலைப் பற்றி நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்று பிரஷர் சென்சார். பில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை வைத்துத்தான் எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது என்று வண்டி கணக்குப் போடுகிறது. அந்தச் சென்சாருக்குப் போகும் ரப்பர் குழாய்கள் சூட்டில் வெடிக்கும், கரி அடைக்கும், கழன்றும் போகும். அப்போது கணக்கே தப்பாகிவிடும். சாவியைப் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பார்த்தால் அந்த வித்தியாசம் பூஜ்யமாக இருக்க வேண்டும். காற்றே ஓடாத குழாயில் ஏது அழுத்தம்? அங்கே வேறு எண் காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாமல் பில்டருக்கு விலை சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

அடுத்து எனக்கு அதிகம் எரிச்சலூட்டும் அறிவுரை: “ஹைவேல ஒரு ரவுண்டு விரட்டிட்டு வா, எல்லாம் எரிஞ்சிடும்.” எல்லாம் எரியாது. பில்டரில் சேர்வது இரண்டு பொருள். ஒன்று கரி, அது கார்பன், எரியும். மற்றது சாம்பல். இன்ஜின் ஆயிலில் கலந்திருக்கும் கால்சியம், மக்னீசியம், துத்தநாகம் போன்றவற்றின் மிச்சம் அது. அது ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். எரிந்ததை மறுபடி எப்படி எரிப்பது? நெடுஞ்சாலையில் விடிய விடிய ஓட்டினாலும் ஒரு கிராம் சாம்பல் குறையாது. ஓடிய தூரத்துக்கு ஏற்பச் சேர்ந்துகொண்டே போகும். கழற்றிச் சுத்தம் செய்தால்தான் போகும். குறைந்த தூரம் ஓடிய வண்டியில் விளக்கு எரிந்தால் பெரும்பாலும் கரி, நிறைய ஓடிய வண்டியில் சாம்பலையும் சந்தேகப்பட வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் நிரம்பிய பில்டரை வைத்துக்கொண்டு வண்டியை விரட்டி விரட்டி டர்போவைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

ஆயில் விஷயத்தில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள் என்பதும் இதனால்தான். டிபிஎஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். ஐரோப்பிய வண்டித் தயாரிப்பாளர் சங்கத்தின் தரக் குறியீடான ஏசிஇஏ சி3 என்று டப்பாவில் போட்டிருந்தால், அந்த ஆயில் எரிந்தபின் மிஞ்சும் சல்பேட் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. பழைய ஏ3/பி4 ரகத்தில் அது 1.6 சதவீதம் வரை போகலாம். ஏறக்குறைய இரண்டு மடங்கு. உங்கள் வண்டிக்கு எந்த ரகம் என்பது கையேட்டில் இருக்கிறது. “இதுவும் டீசல் ஆயில்தான்” என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி ஊற்றாதீர்கள்.

கரி எரிவதைப் பற்றிக் கொஞ்சம். பாரத்தோடு சீராக ஓடும் வண்டியில் சைலன்சர் பக்கம் 300 டிகிரிக்கு மேல் சூடு நின்றாலே கரி தானாக மெல்லக் கரையும். பிக்கப்பை எதற்காகச் செய்தார்களோ அந்த வேலையை அதற்குக் கொடுத்தால் பில்டர் சமத்தாக இருக்கும். நாம் கொடுப்பதோ பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, மறுபடி வீடு. இல்லாவிட்டால் ஏசியைப் போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே ஒரு மணி நேரம் ஐடிலிங். அப்போது புகையின் சூடு 200 டிகிரியைக்கூட எட்டாது, கரி மட்டும் சேரும். அளவு மீறும்போது கம்ப்யூட்டர் கொஞ்சம் கூடுதல் டீசலைப் புகை வழியில் எரித்துச் சூட்டை 600 டிகிரி வரை ஏற்றும். இதைத்தான் ரீஜென் என்கிறோம். 10 முதல் 25 நிமிடம் ஆகலாம்.

அந்த நேரத்தில் ஐடிலிங் லேசாக ஏறியிருக்கும், மைலேஜ் சட்டென்று இறங்கும், சூடான வாடை வரும், வண்டியை நிறுத்தினாலும் பேன் ஓடிக்கொண்டே இருக்கும். உடனே பதறி சாவியைத் திருப்பிவிடுகிறார்கள்! கோளாறு எதுவும் இல்லை, வண்டி தன் வேலையைச் செய்கிறது. வீட்டு வாசலுக்கு வந்துவிட்டீர்கள், அப்போதுதான் ரீஜென் ஓடுகிறது என்றால், தெருவைச் சுற்றி இன்னும் கொஞ்சம் ஓட்டிவிட்டு வாருங்கள். ஒருமுறை பாதியில் நின்றால் குடி முழுகிவிடாது; அடுத்த முறை தொடரும். தினமும் பாதியில் வெட்டினால்தான் ஆபத்து. பல வண்டிகளில் அந்தக் கூடுதல் டீசல் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கப்படுகிறது. எரியாத மிச்சம் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். ஆகவே ஆயில் மட்டம் ஏறுவது நல்ல செய்தி இல்லை. “என் வண்டி ஆயிலே குடிக்காது, கூடத்தான் செய்யும்” என்று சிரித்துக்கொண்டு சொன்னவர்கள் இருக்கிறார்கள். மேல் கோட்டைத் தாண்டினால் ஓட்டாதீர்கள். மட்டம் மிஞ்சிப்போய் அந்த ஆயிலை இன்ஜினே உறிஞ்ச ஆரம்பித்தால் சாவியை அணைத்தாலும் அது நிற்காது.

டேங்கில் டீசல் குறைவாக இருந்தாலும், இன்ஜினில் வேறு கோளாறுக் குறியீடு பதிவாகியிருந்தாலும் பல வண்டிகளில் ரீஜென் தொடங்காது. ரிசர்விலேயே ஓட்டிப் பழகியவர்கள் கவனிக்கவும்.

விளக்கு எரிந்த அன்றே வாருங்கள், ஐயா. மஞ்சள் விளக்கு எரிந்த நிலையில் ஸ்கேனர் வைத்துக் காரணத்தைப் பிடித்துவிடலாம். விளக்கு கண் சிமிட்டி, பவர் வெட்டுப்பட்டு, அதற்குப் பிறகும் வண்டியை இழுத்து ஓட்டினால், வொர்க்ஷாப்பில் ஸ்கேனர் மூலம் நாங்களே தொடங்கிவைக்கும் கட்டாய ரீஜென்கூடச் செய்ய முடியாத அளவுக்குக் கரி நிரம்பிவிடும். அந்த நிலையில் பற்றவைத்தால் கரி கட்டுக்கடங்காமல் எரிந்து பீங்கான் உருகும், வெடிக்கும். அதனால்தான் வண்டியே மறுக்கிறது. அந்த மறுப்பை ஏமாற்றிக் கடக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் போகாதீர்கள். கட்டாய ரீஜெனை மூடிய ஷெட்டிலோ காய்ந்த புல்லின் மேலோ செய்வதும் வேண்டாம். முடிந்ததும் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

பில்டரைக் கழற்றி வாட்டர் சர்வீஸ் பம்பால் பீய்ச்சி அடிப்பதையும் நிறுத்துங்கள். சாம்பல் குழைந்து தேன்கூட்டின் நுண்குழாய்களின் அடியில் போய் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். முறையாகச் செய்பவர்கள் சூளையில் சுட்டு, காற்றழுத்தத்தால் ஊதி, அல்லது அதற்கான இயந்திரத்தில் கழுவி உலர்த்தித் தருவார்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடை போட்டுக் காட்டுவார்கள். எடையைக் கேளுங்கள். சுத்தம் செய்யாமலேயே கம்ப்யூட்டரில் சாம்பல் கணக்கை மட்டும் பூஜ்யமாக்கிப் பணம் வாங்குவதும் நடக்கிறது. சில வாரம் விளக்கு எரியாது, பிறகு பார்த்துக்கொள்ளுங்கள்.

யூரியா திரவத்தை டீசல் டேங்கில் ஊற்றினால் பில்டர் சுத்தமாகும் என்று எவரோ கிளப்பிவிட்டிருக்கிறார். அது வேறு வேலைக்கு, வேறு டேங்குக்கு. டீசலில் கலந்தால் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் போகும். ஊற்றிவிட்டீர்களா? சாவியைக்கூடப் போடாமல் போன் செய்யுங்கள்.

பில்டரை எடுத்துவிடலாமா என்று கேட்பவர்களுக்குச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 2014 பிப்ரவரி முதல், பில்டர் இருக்க வேண்டிய வண்டியில் அது இல்லையென்றால் வருடாந்திரச் சோதனையில் தோல்விதான். அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டப்படி அதைக் கழற்றுவதே சட்டவிரோதம். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இலேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. அந்தப் புகையில் உள்ள துகள்களில், எடைக் கணக்கில் 95 சதவீதத்துக்கு மேல் பிடித்து வைக்கும் பொருளைத்தான் கம்பியால் குத்துகிறீர்கள். வண்டியை ஷெட்டில் வைத்து ஸ்டார்ட் செய்யும்போது பின்னால் நிற்பது பெரும்பாலும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள்.

பழைய பிக்கப் வாங்கப் போகிறீர்களா? வண்டி ஆறியிருக்கும்போது சைலன்சர் வாய்க்குள் ஒரு வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். பில்டர் முழுசாக இருந்தால் அங்கே கரி கண்ணில் படக் கூடாது. துணி கறுப்பாக வந்தால், உள்ளே பீங்கான் வெடித்திருக்கிறது அல்லது யாரோ குத்திவிட்டார்கள். விற்பவர் என்ன சத்தியம் செய்தாலும் ஸ்கேனர் வைக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.