விடை வந்து விழும் நொடி

கண், மழை, வீழ்ச்சி. இந்த மூன்றோடும் ஒட்டக்கூடிய ஒரே சொல் எது? முன்னாலும் ஒட்டலாம், பின்னாலும் ஒட்டலாம். யோசித்துக்கொண்டே படியுங்கள். விடை கீழே வரும்.

புரிந்துகொள்வதைச் சொல்ல ஆங்கிலத்தில் சொற்கள் ஏராளம். ‘கிராஸ்ப்’ என்றால் கையால் இறுகப் பற்றுவது. ‘காம்ப்ரிஹெண்ட்’ என்பதன் லத்தீன் வேரும் பற்றுவதுதான். ‘ஃபிகர் அவுட்’, ‘வொர்க் அவுட்’ இரண்டும் கணக்குப் போடுவதுபோல் படிப்படியாக விடைக்குப் போவதைச் சொல்பவை. இந்தச் சொற்களில் எல்லாம் வேலை செய்கிறவர் ‘நான்’.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ‘இட் டான்ட் ஆன் மீ’ என்பார்கள். ‘டான்’ என்றால் விடியல். நான் எதுவும் செய்யவில்லை, எனக்குள் பொழுது விடிந்தது, அவ்வளவுதான். ‘இட் ஹிட் மீ’, ‘இட் கிளிக்ட்’ ஆகியவையும் இப்படித்தான். எனக்கு மிகவும் பிடித்தது ‘தி பென்னி டிராப்ட்’. பிரிட்டனில் காசு போட்டால் ஓடும் இயந்திரங்களிலிருந்து வந்த வழக்கு இது. போட்ட காசு சில சமயம் வழியில் சிக்கி நிற்கும். அப்புறம் திடீரென்று உள்ளே விழும், இயந்திரம் ஓடத் தொடங்கும். காசு போட்டது ஒரு நேரம், பலன் கிடைப்பது வேறொரு நேரம்.

தமிழில் இந்த வேறுபாடு இலக்கணத்திலேயே இருக்கிறது. ‘நான் புரிந்துகொண்டேன்’ என்றும் சொல்கிறோம், ‘எனக்குப் புரிந்தது’ என்றும் சொல்கிறோம். இரண்டாவதில் புரிதல், பசியையும் தூக்கத்தையும் போல, தானாக நம்மிடம் வருகிறது. பொறி தட்டியது, உறைத்தது, பிடிபட்டது என்பவையும் அந்த வகைதான்.

சரி, இது வெறும் பேச்சு வழக்கா, மூளைக்குள்ளும் இரண்டு வழிகள் உண்டா?

1987இல் ஜேனட் மெட்காஃப், டேவிட் வீபி என்ற இரு உளவியலாளர்கள் ஓர் எளிய சோதனை செய்தார்கள். ஆட்களிடம் சில இயற்கணிதக் கணக்குகளையும் சில புதிர்களையும் கொடுத்தார்கள். ஒரு குளத்தில் அல்லி தினமும் இரண்டு மடங்காகிறது, 60 நாளில் குளம் நிறைகிறது, பாதிக் குளம் நிறைந்தது எப்போது என்பது போன்ற புதிர்கள். (59ஆம் நாள்.) விடையை எவ்வளவு நெருங்கிவிட்டதாகத் தோன்றுகிறது என்று 15 நொடிக்கு ஒருமுறை அவர்கள் குறித்துக்கொண்டே வரவேண்டும். கணக்குகளில் அந்த மதிப்பெண் சீராக ஏறியது. புதிர்களிலோ கடைசிவரை கீழேயே கிடந்துவிட்டு, விடை வரும்போது ஒரே தாவலாகத் தாவியது. மெட்காஃப் அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. புதிர்களில் ‘இதோ நெருங்கிவிட்டேன்’ என்று உணர்ந்தவர்கள் பெரும்பாலும் தவறான விடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

2004இல் மார்க் பீமனும் ஜான் கூனியோஸும் தங்கள் குழுவோடு இதை மூளையில் தேடினார்கள். பைன், கிராப், சாஸ் என்ற மூன்று சொற்களைக் கொடுத்தால் ஆப்பிள் என்று சொல்லவேண்டும். நான் தொடக்கத்தில் கேட்டதும் அதே வகைதான். கண்ணீர், மழைநீர், நீர்வீழ்ச்சி: விடை நீர். விடை சொன்ன பிறகு அது பளிச்சென்று வந்ததா, தேடிப்போய் எடுத்ததா என்பதையும் ஆட்களே சொன்னார்கள். அந்த வாக்குமூலத்தை வைத்துத்தான் ஆய்வாளர்கள் மூளையின் மின் அலைப் பதிவுகளை இரண்டாகப் பிரித்தார்கள். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. பளிச்சென்று வந்த விடைகளில், பொத்தானை அழுத்துவதற்கு சுமார் 0.3 நொடி முன்பு, வலது காதுக்குச் சற்று மேலே உள்ள பகுதியில் காமா என்னும் வேகமான மின் அலை திடீரென்று எழுந்தது.

ஏன் வலப்பக்கம்? பீமன் தரும் விளக்கம் இது. ‘கண்’ என்றதும் இடது மூளை இமை, பார்வை என்று மிக நெருங்கிய சில தொடர்புகளை மட்டும் பலமாக எழுப்புகிறது. வலது மூளை தூரத்துத் தொடர்புகளையும் சேர்த்து எழுப்புகிறது, ஆனால் மங்கலாக. மூன்று சொற்களிலிருந்தும் வரும் மங்கலான தொடர்புகள் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அந்த இடம் வலுப்பெறுகிறது. நமக்கு அதன் வாசனைகூட எட்டுவதில்லை. ஒரு எல்லையைத் தாண்டிய பிறகே நினைவுக்கு வருகிறது. ஆக, திடீரென்று தோன்றுவது நமக்குத்தான். வேலை அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. காசு ஏற்கெனவே உள்ளே போட்டாயிற்று.

அதே பதிவுகளில் இன்னொன்றும் இருந்தது. காமா அலைக்கு ஏறக்குறைய ஒரு நொடி முன்னதாக, தலையின் பின்பக்கம், பார்வையைக் கவனிக்கும் பகுதிக்கு மேல் ஆல்ஃபா என்னும் மெதுவான மின் அலைகள் கூடின. அங்கே ஆல்ஃபா கூடினால், கண்ணிலிருந்து வரும் தகவலை மூளை கொஞ்சம் அடக்கி வைக்கிறது என்று பொருள். மங்கலான குரல் காதில் விழ வேண்டும் என்றால் வெளிச்சத்தம் குறைய வேண்டும் இல்லையா, அப்படித்தான். கடினமான கேள்வி கேட்டால் நாம் கேட்டவர் முகத்தை விட்டுவிட்டு விட்டத்தைப் பார்ப்பதும், கண்ணை மூடிக்கொள்வதும் அதே வேலைக்குத்தான் உதவுகின்றன.