தீர்மானம் வேறு, சட்டம் வேறு: முதலில் அந்த எண்ணைப் பாருங்கள்

"சட்டசபையில தீர்மானம் போட்டுட்டாங்களாம், இனிமே வெளிநாட்டுக்காரங்க இங்க நிலமே வாங்க முடியாதாம்!" அமெரிக்காவில் வீடோ நிலமோ தேடும் நம்மவர்களிடமிருந்து இந்தப் பதற்றம் வராத மாதமே இல்லை. கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். அதில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சி, தேசப் பாதுகாப்பு, ராணுவத் தளம் என்று கனமான சொற்கள் வரிசையாக இருக்கும். மேல் மூலையில் இருக்க வேண்டிய மசோதா அல்லது தீர்மான எண் மட்டும் வெட்டுப்பட்டிருக்கும். பார்க்க வேண்டியதே அந்த எண்ணைத்தான்.

டெக்சாஸில் எண்ணுக்கு முன் 'எச்.பி.' (ஹவுஸ் பில்) அல்லது 'எஸ்.பி.' (செனட் பில்) என்று இருந்தால் அது மசோதா. நிறைவேறினால் சட்டம். 'எச்.சி.ஆர்.', 'எஸ்.சி.ஆர்.' என்றால் இரு அவைகளும் சேர்ந்து போடும் தீர்மானம். வெறும் 'எச்.ஆர்.', 'எஸ்.ஆர்.' என்றால் ஓர் அவையின் தீர்மானம் மட்டுமே. குழப்பத்துக்கென்றே மாநிலத்துக்கு மாநிலம் பெயர் மாறும். 'எஸ்.ஜே.ஆர்.' என்பது டெக்சாஸில் மாநில அரசியலமைப்பைத் திருத்தும் முன்மொழிவு, மக்கள் வாக்கெடுப்புக்குப் போகும் பெரிய விஷயம். கலிபோர்னியாவில் அதே மூன்றெழுத்து தலைநகர் வாஷிங்டனுக்கு வேண்டுகோள் அனுப்பும் தீர்மானம். ஓரிகான், வாஷிங்டன் மாநிலங்களில் இதே சரக்குக்கு 'ஜாயின்ட் மெமோரியல்' என்று பெயர். நினைவுச் சின்னத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மனு என்று பொருள்.

எண் கிடைக்கவில்லையா, வாசகத்தைப் பாருங்கள். 'பி இட் எனாக்டட்' ('சட்டமாக இயற்றப்படுக') என்று தொடங்கினால் மசோதா அல்லது சட்டம். 'வேர்ஆஸ்', 'வேர்ஆஸ்' ('இப்படி இருப்பதால்') என்று ஒன்றரைப் பக்கம் ஓடி, 'ரிசால்வ்ட்' ('தீர்மானிக்கப்பட்டது') என்று முடிந்தால் தீர்மானம். அந்த 'வேர்ஆஸ்' பத்திகளில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், எதுவும் யாரையும் கட்டுப்படுத்தாது. பரபரப்பான ஸ்கிரீன்ஷாட்டுகள் எல்லாம் அங்கிருந்து வெட்டியவைதான். கடைசிப் பத்தியைப் படித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: இதன் நகலை ஜனாதிபதிக்கும், செனட் தலைவருக்கும், பிரதிநிதிகள் சபை சபாநாயகருக்கும், மாநிலத்தின் எல்லா காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும் அனுப்ப வேண்டும் என்று இருக்கும். சட்டத்தில் அபராதமும் அமல்படுத்தும் அதிகாரியும் இருப்பார்கள். இதில் இருப்பது தபால் முகவரி.

"கவர்னரே கையெழுத்துப் போட்டிருக்காரே?" என்பார்கள். டெக்சாஸில் இரு அவைத் தீர்மானமும் கவர்னர் மேசைக்குப் போகும். கையெழுத்து விழுந்ததால் அது சட்டமாகிவிடாது.

இது நமக்குப் புதிதும் இல்லை. கச்சத்தீவை மீட்கச் சொல்லி 2025 ஏப்ரல் 2 அன்று தமிழகச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. மறுநாள் யாரும் "தீவு வந்துடுச்சு, படகை எடு" என்று ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பவில்லை. மாநிலம் கேட்டிருக்கிறது, முடிவு டெல்லியில் என்று எல்லோருக்கும் தெரியும். அமெரிக்க மாநிலங்கள் செய்வதும் அதையேதான். அங்கே போனதும் இந்த அறிவு எங்கே போய்விடுகிறது என்பதுதான் புரியவில்லை.

வாஷிங்டன் போய்ச் சேர்ந்த தீர்மானத்துக்கு செனட் 'பி.ஓ.எம்.' (பெட்டிஷன் ஆர் மெமோரியல், அதாவது மனு) என்று ஒரு வரிசை எண் போட்டு, அவைப் பதிவேட்டில் அச்சிட்டு, ஏதாவதொரு குழுவுக்குத் தள்ளிவிடும். பிரதிநிதிகள் சபையில் ஒரு வரிக் குறிப்போடு சரி. பதில் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை. ஒரே விதிவிலக்கு, அரசியலமைப்பைத் திருத்த மாநாடு கூட்டச் சொல்லும் விண்ணப்பம். 34 மாநிலங்கள் கேட்டால் காங்கிரஸ் கூட்டியே ஆக வேண்டும்.

அப்படியானால் எதற்கு இந்தச் சிரமம்? வெளிவிவகாரத்திலும் தேசப் பாதுகாப்பிலும் மாநிலம் தானாகக் கைவைத்துப் பலமுறை நீதிமன்றத்தில் சூடுபட்டிருக்கிறது. கம்யூனிஸ்டுகளைத் தண்டிக்கப் பென்சில்வேனியா வைத்திருந்த ராஜதுரோகச் சட்டத்தை, அது ஃபெடரல் அரசு ஏற்கெனவே கையில் எடுத்த வேலை என்று 1956-இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. ஓரிகானில் இறந்தவரின் சொத்து கிழக்கு ஜெர்மனியிலிருந்த வாரிசுகளுக்குப் போகவிடாமல் தடுத்த மாநிலச் சட்டம் 1968-இல் அடிபட்டது. பர்மாவோடு வியாபாரம் செய்யும் கம்பெனிகளை ஒதுக்கிய மாசசூசெட்ஸ் சட்டம் 2000-இல் ஒருமனதாக வீழ்ந்தது. கியூபாவில் தொழில் உள்ள குழுமங்களுக்கு அரசு ஒப்பந்தம் கிடையாது என்று ஃபுளோரிடா 2012-இல் போட்ட சட்டத்தையும் ஃபெடரல் நீதிமன்றம் அதே ஆண்டு நிறுத்திவைத்தது, மேல்முறையீட்டு நீதிமன்றம் அடுத்த ஆண்டு அதை உறுதிசெய்தது. அதனால் பல உறுப்பினர்களுக்குத் தீர்மானமே வசதி. செலவில்லை, வழக்கில்லை, தொகுதியில் பேர் கிடைக்கும்.

எல்லாமே வெறும் காகிதம் என்றும் சொல்லிவிட முடியாது. குறிப்பாகக் கேட்டால் வேலை நடக்கும். வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸில், விமானப்படைத் தளத்திலிருந்து சுமார் 12 மைலில், ஃபுஃபெங் என்ற சீன நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை மக்காச்சோள ஆலைக்கென்று 370 ஏக்கர் வாங்கியது. அந்நிய முதலீட்டை ஆராயும் ஃபெடரல் குழுவான சிஃபியஸ், இது தன் வரம்புக்குள் வராது என்று 2022 டிசம்பரில் கைவிரித்தது. குழுவின் விதியில் உள்ள ராணுவத் தளங்களின் பட்டியலில் அந்தத் தளத்தின் பெயரே இல்லை! அடுத்த மாதம் விமானப்படை எதிர்ப்புக் கடிதம் கொடுத்தது, பிப்ரவரியில் நகர மன்றம் திட்டத்தைக் கைவிட்டது, அதே ஆண்டு தளம் பட்டியலில் ஏறியது. 'அந்நிய அச்சுறுத்தலை ஒடுக்குக' என்று எழுதும் தீர்மானத்துக்கும், 'இன்ன விதியின் பட்டியலில் இன்ன தளத்தைச் சேர்' என்று எழுதும் தீர்மானத்துக்கும் உள்ள தூரம் இதுதான். முதல் வகையை நான் இரண்டாம் பத்திக்கு மேல் படிப்பதில்லை.

இப்போது, வெளிநாட்டவர் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்தி உண்மையிலேயே சட்டமானவை. டெக்சாஸில் எஸ்.பி. 17, 2025 செப்டம்பர் 1 முதல். ஃபுளோரிடாவில் எஸ்.பி. 264, 2023 ஜூலை 1 முதல். முதலாவது சீனா, ரஷ்யா, ஈரான், வட கொரியாவைக் குறிவைக்கிறது. இரண்டாவதில் கியூபா, வெனிசுவேலா, சிரியாவும் சேரும். இந்தியாவும் இலங்கையும் இரண்டிலும் இல்லை. வழக்குகள் ஓடுவதால், கையெழுத்திடும் வாரத்தில் நிலை என்ன என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸாப்பில் வந்ததை நம்பிப் பேசி முடித்த வீட்டிலிருந்து பின்வாங்கினால், விற்பவர் உங்கள் அட்வான்ஸ் பணத்துக்கு உரிமை கோருவார். ஒப்பந்தத்தில் வதந்திக்கென்று ஒரு ஷரத்து கிடையாது.

ஃபுளோரிடாவில் க்ளோசிங் மேசையில், அதாவது கடைசிக் கையெழுத்துப் போட்டுச் சொத்து கைமாறும் இடத்தில், ஒரு அஃபிடவிட் நீட்டுவார்கள். சட்டம் தடுக்கும் 'அந்நிய நபர்' நீங்கள் அல்ல, அல்லது சட்டத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டே வாங்குகிறீர்கள் என்ற உறுதிமொழி அது. "நம்ம தோலைப் பார்த்துக் கேட்கிறான்" என்று கோபப்படாதீர்கள். வெள்ளைக்கார அமெரிக்கருக்கும் அதே தாள்தான். ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், பொய்ச் சத்தியம் அங்கே குற்றம். எல்.எல்.சி. என்ற கம்பெனி பெயரில் வாங்கினால் பங்காளிகள் ஒவ்வொருவரும் எந்த நாட்டவர் என்பதை முன்பே எழுதி வையுங்கள்.

இத்தனை பதற்றத்துக்கு நடுவே, நம்மவர்களை உண்மையில் தொடும் ஃபெடரல் சட்டம் 1978 முதல் இருக்கிறது. அதை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை. நாடு எதுவானாலும், குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் விவசாய நிலம் வாங்கினால் 90 நாளுக்குள் அமெரிக்க விவசாயத் துறையிடம் எஃப்.எஸ்.ஏ.-153 படிவம் கொடுக்க வேண்டும். எச்-1பி விசாவில் இருப்பவர் ஊர் ஓரம் 12 ஏக்கர் மேய்ச்சல் நிலம் வாங்கினாலும் இது பொருந்தும். மொத்த நிலம் 10 ஏக்கருக்கு மேல் போகாமல், விளைச்சலில் ஆண்டுக்கு 1,000 டாலருக்கு மேல் வராமலும் இருந்தால்தான் விலக்கு. பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குத்தகையும் கணக்கில் சேரும். தாமதமானால் ஒவ்வொரு வாரத்துக்கும் சந்தை மதிப்பில் 0.1 சதவீதம் அபராதம், உச்சவரம்பு 25 சதவீதம்.

சொத்தின் உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி நினைவூட்டும் என்று காத்திருக்காதீர்கள், அது அவர்கள் வேலையில்லை. நிலம் கைமாறிய தேதியிலேயே காலண்டரில் 90-ஆம் நாளைக் குறியுங்கள். படிவத்தை நிலம் இருக்கும் கவுண்டியின் (மாவட்டம் போன்றது) எஃப்.எஸ்.ஏ. அலுவலகத்தில், அதாவது விவசாயத் துறையின் உள்ளூர் அலுவலகத்தில், கொடுத்து, தேதி முத்திரையிட்ட நகலைக் கேட்டு வாங்கி, பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.