கணப்பு அடுப்பின் கண்ணாடியில் ஏன் விரிசல்?

விறகுக் கணப்பு அடுப்பின் கதவுக் கண்ணாடியில் கோடு ஓடியிருந்தால், சூடு தாங்கவில்லை என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸ்வரை தாங்கும் பொருள் அது.

சன்னல் கண்ணாடியை அங்கே பொருத்தினால் நடுப்பகுதி சூடேறி விரியும், சட்டத்துக்குள் மறைந்த ஓரம் அவ்வளவு சூடாகாது. அந்த இழுபறியில் ஓரம் கிழியும். சூடாக்கிச் சட்டெனக் குளிரவைத்து உறுதியேற்றிய டெம்பர்டு கண்ணாடியும் உதவாது. 250 டிகிரிக்கு மேல் தொடர்ந்து காய்ந்தால் அதன் உறுதி போய்விடும். அடுப்புக் கதவில் இருப்பது செராமிக் கண்ணாடி. லித்தியம், அலுமினியம், சிலிக்கன் ஆக்சைடுகளை உருக்கி வார்த்த கண்ணாடியை மறுபடி சூடாக்கி, அதற்குள் நுண்படிகங்களை வளர்க்கிறார்கள். இந்தப் படிகங்களுக்கு ஒரு விசித்திர குணம்: சூடானால் சுருங்கும். மிச்சக் கண்ணாடி விரியும். கூட்டிக் கழித்தால் ஏறக்குறைய பூஜ்யம். படிகங்கள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை என்பதால் தீயும் தெளிவாகத் தெரிகிறது.

செராமிக் கண்ணாடிக் குடும்பமே ஒரு கோளாறில் பிறந்ததுதான். 1953-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் டொனால்ட் ஸ்டூக்கி என்ற ஆய்வாளர் ஒரு கண்ணாடித் தகட்டை உள்ளே வைத்து 600 டிகிரிக்குச் சூடாக்கிய உலை 900-க்கு எகிறிவிட்டது. உருகி வழிந்திருக்கும் என்று திறந்தவருக்கு வெள்ளை வெளேரென்ற தகடு கிடைத்தது. கை நழுவித் தரையில் விழுந்தும் அது உடையவில்லை.

பிறகு ஏன் விரிசல்? கண்ணாடி அசையாது, இரும்புச் சட்டம் அசையும். 30 செ.மீ. சட்டம் 300 டிகிரி சூடேறினால் சுமார் 1 மி.மீ. நீளும். எல்லா இடமும் ஒரே மாதிரி சூடாவதில்லை என்பதால் லேசாக முறுக்கிக்கொள்ளவும் செய்யும். திருகுகளை இறுக்கியிருந்தால், அல்லது விளிம்பிலுள்ள கண்ணாடியிழை நாடா கெட்டித்துப்போயிருந்தால், கண்ணாடியும் கூடவே முறுக வேண்டும். அது அதனால் ஆகாது. (நீளமான விறகைத் திணித்துக் கதவை அறைந்து சாத்துகிறவர்களுக்கு இவ்வளவு இயற்பியல் தேவையில்லை.)

விரிசலோடு அடுப்பை மூட்டாதீர்கள். கண்ணாடி கழன்று விழுந்தால் புகையும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் அறைக்குள் வரும்.

மாற்றும்போது, அடுப்பு முழுக்க ஆறியபின் கதவைக் கழற்றிப் படுக்கவையுங்கள். துருப்பிடித்த திருகுகளில் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். அவசரப்பட்டால் தலை முறியும். மிகப் பழைய அடுப்பானால் நாடாவில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருக்கலாம், சோதிக்காமல் சுரண்ட வேண்டாம். கண்ணாடிக்கான பள்ளத்தை அளந்து, பக்கத்துக்கு 2 மி.மீ. போலக் குறைத்துப் புதுக் கண்ணாடி வாங்குங்கள். நாடாவும் புதிதாக இருக்கட்டும். திருகுகளை எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாகத் திருப்பி, நாடா லேசாக அமுங்கியதும் நிறுத்திவிடுங்கள். முதல் தடவை சிறு தீயாக மூட்டி, ஆறியபின் திருகுகளைப் பாருங்கள். தளர்ந்திருந்தால் கால் சுற்று போதும்.