20 மீட்டருக்குள் ஒளிந்துகொள்ளும் ஏரி

கொத்தனார் மட்டம் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். தண்ணீர் நிரப்பிய நீளமான டியூப்பின் ஒரு முனையை இந்தச் சுவரிலும் மறுமுனையை எதிர்ச் சுவரிலும் பிடித்தால், இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அங்கே கோடு போட்டுவிடுவார். வரைபடத்தில் இருக்கும் சம உயரக் கோடும் அப்படித்தான். கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களையெல்லாம் தொட்டுக்கொண்டு போகும் கோடு அது.

கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்தான சரிவு, விலகி இருந்தால் மெல்லிய சாய்வு. ஓடையைக் கடக்கும் இடத்தில் கோடு கூராக மடங்கும்; அந்தக் கூர் காட்டுவது தண்ணீர் வருகிற மேட்டுப் பக்கத்தை. நீலகிரி வரைபடத்தில் கோடுகள் கைரேகை போல நெருக்கியடித்துக் கிடக்கும். மலையைப் படிக்கப் பெரிய பயிற்சி எதுவும் வேண்டாம்.

சிக்கல் சமவெளியில்தான். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் வழக்கமாக 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு. காஞ்சிபுரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 80 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரை அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சொச்சம் இறக்கம், அவ்வளவுதான். இத்தனை தூரத்துக்கும் சேர்த்து நாலைந்து கோடுகள்தான் தேறும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, அதாவது 7 மீட்டர் சொச்சம். சென்னைக்கே குடிநீர் தரும் ஏரியின் ஆழம், இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள உயரத்தில் பாதிகூட இல்லை!

இந்தச் சின்னச் சாய்வை ஏரி கட்டியவர்கள் எப்படிப் படித்திருக்கிறார்கள் என்று பார்க்க, செயற்கைக்கோள் படத்தில் காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். ஏரிகள் பல பிறை வடிவில் இருக்கும். கரை பெரும்பாலும் கிழக்கே. மேற்கில் கரையே இருக்காது. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சாய்வதால் தாழ்ந்த பக்கத்தை மட்டும் அடைத்தால் போதும். கரையின் இரண்டு முனைகளும் மேட்டைத் தேடி மேற்கே வளைகின்றன, பிறை வடிவம் அப்படித்தான் வருகிறது. ஏரி நிரம்பியதும் கரையில்லாத பக்கத்தில் தண்ணீரின் விளிம்பு நெளிந்து நெளிந்து போகிறதே, அது தண்ணீரே வரைந்த சம உயரக் கோடு. மிஞ்சிய தண்ணீர் கலங்கல் வழியாக இறங்கி, சற்றே தாழ்வில் உள்ள அடுத்த ஏரிக்குப் போகும். இப்படிச் சங்கிலியாக எத்தனையோ ஏரிகள். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்திருப்பது, எனக்கென்னவோ மலையில் அணை கட்டுவதைவிடப் பெரிய சாமர்த்தியமாகப் படுகிறது.

சரி, வானத்திலிருந்து அளந்துவிட முடியாதா? 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து, ரேடார் மூலம் பூமியின் நிலப்பரப்பில் பெரும்பகுதியை அளந்தது. ஆனால் அந்த ரேடாருக்கு மரத்தின் உச்சியும் மொட்டைமாடியும்கூடத் தரையாகவே தெரியும். சில மீட்டர் பிழை வரும். மலைக்கு அது பரவாயில்லை. சென்னையில் அரை மீட்டர்தான் வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்பதை முடிவு செய்கிறது. அதனால்தான் இப்போது விமானத்திலிருந்து லேசர் கதிர்களை அனுப்பி அளக்கிறார்கள். இலைகளின் இடுக்கில் நுழைந்து தரையைத் தொட்டுத் திரும்பும் கதிர்களை மட்டும் பிரித்தெடுத்தால் உண்மையான தரைமட்டம் கிடைத்துவிடும்.

ஊர்ப் பெயர்களும் கொஞ்சம் உதவும். மேடு, பள்ளம் என்று முடியும் பெயர்களுக்கு விளக்கமே வேண்டாம். தாங்கல் என்றால் சிறிய ஏரி. பழவந்தாங்கல் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. தி.நகர் உருவானது 1920களில் தூர்க்கப்பட்ட ஒரு நீண்ட ஏரியின் மேல். ஏரி போனாலும் பள்ளம் அங்கேயேதான் இருக்கிறது, மழைத் தண்ணீர் அதைத் தேடி வருகிறது.

போதாக்குறைக்கு, நாமே புது மேடுகளையும் உண்டாக்குகிறோம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பச் சாலை போட்டால், ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப்போன வீட்டுக்குப் பிறகு படி இறங்கிப்போக வேண்டியிருக்கும். எந்த வரைபடத்திலும் இது வராது. அடுத்த பெருமழையில் தெருவில் தண்ணீர் அசையாமல் நிற்கும்போது, வீட்டுக்கு வீடு சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவையுங்கள். வடிந்த பிறகு கோட்டிலிருந்து தரை எத்தனை அங்குலம் என்று அளந்தால், தெருவில் யார் வீடு எவ்வளவு பள்ளம் என்பது தெரிந்துவிடும்.