உறைதல்: ஐஸ் ஏன் மிதக்கிறது

வாழைச்சேனைத் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும்போது யாரும் அதைப் பனிக்கட்டி என்று சொல்வதில்லை. ஐஸ், இல்லாவிட்டால் ஐஸ்கட்டி. பழைய ஆங்கிலத்தில் 'ஈஸ்' என்றிருந்த சொல் அது. ஜெர்மன்காரர் இன்றும் ஏறக்குறைய நம்மைப் போலத்தான் 'ஐஸ்' என்கிறார்கள். குளிர்நாட்டாருக்கு அது வாசலில் கிடக்கும் பொருள்.

மட்டக்களப்பில் பனி என்றால் மார்கழி, தை விடியலில் புல்லில் நிற்கிற ஈரம். பழந்தமிழில் பனித்தல் என்பதற்கு நடுங்குதல் என்றும் பொருள் உண்டு. அந்தப் பனியோடு கட்டியைச் சேர்த்துப் பனிக்கட்டி என்கிறோம். மழையோடு விழுகிற கட்டிக்கு ஆலி என்று பழைய பெயர் இருக்கிறது. ஆலங்கட்டி மழை என்கிறோமே, அதுதான்.

பனிக்கட்டி நல்ல சொல். ஆனால் கற்கண்டுக் கட்டி தண்ணீரில் அமிழ்கிறது, இந்தக் கட்டி மட்டும் ஏன் மிதக்கிறது என்று பிள்ளை கேட்டால், அந்தச் சொல்லுக்குள் விடை இல்லை. எனக்கு விடை கிடைத்தது உறைதல் என்ற வினையில்.

சட்டியில் எருமைப்பால் தயிராவதும் உறைதல். அமிர்தகழிக் கோயிலில் மாமாங்கேஸ்வரர் உறைகிறார் என்று சொல்லும்போது, அங்கே குடியிருக்கிறார் என்று பொருள். இந்த இரண்டாவது பொருளை மனதில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பாருங்கள்.

திரவமாக இருக்கும்போது நீர் மூலக்கூறுகள் சந்தைக் கூட்டம் போல நெருக்கியடித்து, ஒன்றையொன்று பிடித்தும் விட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. குளிரக் குளிர இன்னும் நெருங்கி, 4 பாகை செல்சியசில் மிக நெருக்கமாகின்றன. அதற்குக் கீழே கதை மாறுகிறது. 0 பாகையில் உறையும்போது ஒவ்வொரு மூலக்கூறும் ஐதரசன் பிணைப்பு என்கிற, மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பால் நான்கு அயலவரைப் பிடித்தபடி ஓரிடத்தில் குடியேறுகிறது. குடியிருப்பென்றால் முற்றம் வேண்டாமா? அறுகோண வளையங்களாக அமைகிற அந்த ஒழுங்கில் நடுவே வெற்றிடம் விழுகிறது. அதனால் கனவளவு ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது. தண்ணீர் நிரப்பிய கண்ணாடிப் போத்தலை உறைபெட்டியில் வைத்தால் வெடிப்பது இதனால்தான்.

இதை அளக்கிற சொல் அடர்த்தி. அடர்ந்த காடு என்கிறோமே, அந்த அடர். எவ்வளவு இடத்துக்குள் எவ்வளவு பொருள் அடைந்திருக்கிறது என்பது சொல்லிலேயே தெரிகிறது. ஒரு கனமீற்றர் தண்ணீர் 1000 கிலோகிராம், அதே அளவு ஐஸ் 917 கிலோகிராம். ஆகவே மிதக்கிறது, பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் கூடுதலாக நீருக்குள் அமிழ்ந்தபடி.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் படித்தவர். 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவர் மண்ணில் இருந்துகொண்டு நான் கேட்பது சின்ன விஷயம்தான். துறைமுகத்தில் ஐஸ் என்றே இருக்கட்டும், எழுத்தில் பனிக்கட்டி இருக்கட்டும். வகுப்பில் மட்டும் 'தண்ணீர் ஐஸ் ஆகிறது' என்பதை விட்டு, 'தண்ணீர் உறைகிறது' என்று சொல்லிக் கொடுப்போம்.