நாலு உள்ளங்கை ரப்பர்

மேலூர்ப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நேர் ரோட்டில் எல்லா மாடும் ஓடும். எல்கையில் கொடியைச் சுற்றித் திரும்பும் இடத்தில்தான் முதல் வண்டி மூன்றாவதாகிவிடும். இளவயதில் சாரதியாக இருந்த என் மாமா இதை ஒரே வரியில் சொல்வார். “திரும்புறதுக்கு முன்னாடியே கயித்தப் பிடிச்சு அடக்கிரணும் மாப்ள. திரும்பையில பிடிச்சா வண்டி கவுந்துரும்.”

அந்த வரியின் இயற்பியல் எனக்கு விளங்கியது மதுரையிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கோவை செட்டிபாளையத்தில். கார் பந்தய வீரரும் வடிவமைப்பாளருமான கரிவர்தன் பெயரில் 2003 முதல் இயங்கும் பந்தயத் தடம் அங்கே இருக்கிறது. நண்பர் ஒருவர் புண்ணியத்தில் லம்போர்கினி ஹுராகான் ஸ்டியரிங்கைப் பிடிக்க இருபது நிமிடம் கிடைத்தது. 2014இல் வந்த முதல் ஹுராகானுக்கு 5.2 லிட்டர் கொள்ளளவில் பத்து சிலிண்டர் எஞ்சின், 610 குதிரைத்திறன், நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகம் தொட 3.2 விநாடி.

இந்த எண்களையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். உட்கார்ந்ததும் அத்தனையும் மறந்துவிட்டது. சீட், தரையில் பாய் போட்டு உட்கார்ந்த மாதிரி. எஞ்சின் முதுகுக்குப் பின்னால் உறுமுகிறது. பக்கத்தில் பயிற்சியாளர். ஹெல்மெட்டுக்குள் நம் மூச்சு நமக்கே கேட்கிறது.

முடுக்கத்துக்கு மனதைத் தயார் செய்திருந்தேன், அதனால் அது அவ்வளவாக அசத்தவில்லை. அசத்தியது பிரேக். “மிதிங்க… இன்னும்… இன்னும்!” என்று அவர் கத்த, நான் மிதித்தது பாதிகூட இல்லையாம். ஊர் ரோட்டில் மெல்ல ஆரம்பித்துக் கடைசியில் அழுத்திப் பழகிய கால் நமக்கு. தடத்தில் தலைகீழ்: முதல் மிதியே முழு மிதி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். பெல்ட் நெஞ்சில் பதிகிறது, கன்னம்கூட முன்னால் போகிறது.

அந்த நேரத்தில் நடப்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆள் உட்பட 1,500 கிலோ கார் 180 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, வளைவுக்காக 72க்கு இறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல டயர் இருந்தால் மூன்று விநாடி, நூறு மீட்டர் சொச்சம் போதும். அதற்குள் ஏறத்தாழ 16 லட்சம் ஜூல் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறியாக வேண்டும். ஐந்து லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற வெப்பம் அது. அடுப்பில் வைத்தால் எவ்வளவு நேரமாகும் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். இங்கே மூன்று விநாடி, அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் பல தடவை.

பிரேக் எண்ணெய்க்கு இதில் ஒரு பலவீனம் உண்டு. காற்றின் ஈரத்தை அது மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரையாவது கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி தாங்கினாலே தரக்கட்டுப்பாட்டுக்குப் போதும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி வரும். குமிழி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது. சிறுமலையிலிருந்து என் பழைய காரில் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்கி, பாதி வழியில் அந்தப் பஞ்சை மிதித்திருக்கிறேன். தீய்ந்த வாசனையோடு ஓரங்கட்டி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததில் பக்கத்து மரத்திலிருந்த குரங்குகள் எல்லாம் பழக்கமாகிவிட்டன.

சரி, வேகம் குறைந்தது. இனித் திருப்ப வேண்டும். காரைப் பிடித்துவைத்திருப்பது 610 குதிரையல்ல, தரையைத் தொடும் நாலு துண்டு ரப்பர். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். அந்தப் பிடிமானம் அளவாகத்தான் கிடைக்கும், அதை பிரேக்கும் ஸ்டியரிங்கும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். வேடிக்கை என்னவென்றால் பங்கு நேர்க் கழித்தலில் வராது. நூறில் 80ஐ பிரேக்குக்குக் கொடுத்தால் திருப்பத்துக்கு மிச்சம் 20 அல்ல, 60. இரண்டு விசையும் ஒன்றுக்கொன்று செங்குத்து என்பதால் பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் வந்து நிற்கிறார்: 80ன் வர்க்கம், 60ன் வர்க்கம், கூட்டினால் 100ன் வர்க்கம். ஆனால் முழு நூறையும் பிரேக் தின்றுவிட்டால் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகத்தான் போகும். தேர்ந்த ஓட்டுநர் பிரேக்கை விடுகிற அளவுக்கு ஸ்டியரிங்கைச் சேர்ப்பது இதனால்தான்.

வளைவுக்கு வெளி விளிம்பிலிருந்து நுழைந்து, நடுவில் உள் விளிம்பை உரசி, மறுபடி வெளி விளிம்புக்கு வருவதும் சும்மா அழகுக்கு இல்லை. 40 மீட்டர் ஆரத்தில் 72 கிலோமீட்டர் வேகம் தாங்கும் டயர், அதே பிடிமானத்தில் 50 மீட்டர் ஆரத்தில் 80 தாங்கும். தடத்தின் அகலத்தைப் பயன்படுத்தி ஆரத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான். மாறாக, 40 மீட்டரிலேயே 80 போக ஆசைப்பட்டால் கிட்டத்தட்ட கால் பங்கு பிடிமானத்தைக் கூடுதலாகக் கேட்கிறோம். ரப்பர் கடன் கொடுக்காது.

எடையும் நகர்கிறது. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வேகமாக வருகிறவர் சட்டென்று நின்றால் சாம்பார் முன்னால் ஏறும் இல்லையா, காரிலும் அப்படித்தான்: பிரேக் போட்டால் பாரம் முன் டயர்களுக்குப் போய்ப் பின் டயர்கள் லேசாகும். வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் இதே கதை. பின்பக்கம் வழுக்கி வெளியே வரப் பார்க்கும். எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கும் போர்ஷே 911 இந்த விஷயத்தில் பேர் வாங்கிய வண்டி. இன்றைய கார்களில் மின்னணுக் கட்டுப்பாடு வந்து பெரும்பாலும் காப்பாற்றிவிடும். இரண்டாவது சுற்றில் நான் காலை எடுத்தபோது டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று சிமிட்டியது. பயிற்சியாளர் அதைக் காட்டி, “இப்ப ஓட்டினது நீங்க இல்ல” என்றார்.

கண்தான் கடைசிவரை அடங்கவில்லை. அடுத்த வளைவைப் பார்க்கச் சொல்லி அவர் கை நீட்டிக்கொண்டே இருக்கிறார், நான் பானட்டுக்கு முன்னால் பத்தடியையே பார்க்கிறேன். மணிக்கு 144 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 40 மீட்டர். பத்தடியில் எதைக் கண்டு என்ன செய்ய?

கடைசிச் சுற்றில் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக உருட்டச் சொன்னார்கள். சூடேறிய பிரேக்கை அப்படியே நிறுத்திவிட்டால் காற்றுப் படாமல் அந்தச் சூடு எண்ணெய்க்கு ஏறும், அதனால் ஓட்டத்திலேயே ஆறவிட வேண்டுமாம். ஊருக்கு வந்து மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னபோது இது ஒன்றுக்குத்தான் தலையாட்டினார்.

“ஓடி முடிச்ச மாட்ட நாங்களும் உடனே கட்டமாட்டோம்ல, ரெண்டு தெரு நடத்தித்தான் கட்டுவோம்” என்றவர், வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: “அது சரி மாப்ள, லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?”